நம்ம டீம், நம்ம கம்பெனி, நம்ம கடை: வாசகர் கேள்வி பதில்

ஒரு பொருளோ ஒரு அணியோ மனசுக்குப் பிடித்துப்போன பிறகு அதன் குறை நம் கண்ணில் படுகிறதா என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். செட்டிநாட்டுப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெயரும் முகவரியும் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர்ப் பெயர் மட்டும்.

கே: என் பேரன் அமெரிக்காவில் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். போன இடத்தில் காலேஜ் கால்பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. சனிக்கிழமை டீம் ஜெயித்தால் "நாங்க ஜெயிச்சிட்டோம் ஆயா" என்று போன் பண்ணுகிறான். தோற்றால் அம்பயர் சரியில்லை, எதிராளிகள் ரவுடித்தனம் பண்ணினார்கள் என்று புலம்புகிறான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, கண்ணெதிரே நடந்ததை மாற்றிப் பேசலாமா? (கானாடுகாத்தான்)

ஆச்சி, பேரன் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு ஆட்டம் அப்படித்தான் தெரிகிறது, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எது என்று தெரியும்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர்தான் கால்பந்து. பந்து நீள்வட்டமாக இருக்கும், பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுவார்கள். உங்கள் பேரனின் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகரத்தின் ஜனத்தொகையே ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு அவர்களுக்குள்ள போட்டி 1897-இல் ஆரம்பித்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் நிற்கிற பிள்ளைக்குச் சாய்வு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு கல்லூரிகள் மோதின. ரொம்ப முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர ஆட்டக்காரர் டிக் காஸ்மையருக்கு மூக்கு உடைந்தது, கொஞ்ச நேரத்தில் டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஆட்டம் முடிந்த பிறகு இரண்டு கல்லூரிப் பத்திரிகைகளும் ஒன்றையொன்று திட்டி எழுதித் தீர்த்தன. அப்போது ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்று இரண்டு உளவியல் பேராசிரியர்கள், ஒருவர் டார்ட்மத், இன்னொருவர் பிரின்ஸ்டன், சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். ஆட்டத்தின் ஒரே படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, யார் எத்தனை தடவை விதியை மீறினார்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் ஆட்டக்காரர்கள் செய்த மீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தது சராசரியாக 9.8. டார்ட்மத் மாணவர்கள் தங்கள் அணியிடம் கண்டது 4.3. அதே படம், அதே ஓட்டம், பாதிக்கும் குறைவு!

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே வருகிற ஒரு தந்தி. டார்ட்மத் பழைய மாணவர் ஒருவருக்கு அந்தப் படம் போயிருக்கிறது. தங்கள் ஆட்கள் பயங்கரமாக ஆடியதாகக் கேள்விப்பட்டவர் போட்டுப் பார்க்கிறார், அப்படி எதுவுமே இல்லை. முக்கியமான பகுதியை வெட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது, மிச்சத்தை விமானத் தபாலில் அனுப்புங்கள், ஒட்டுகிற சாதனம் எங்களிடமே இருக்கிறது என்று தந்தி அடித்துவிட்டார். அவரிடம் இருந்தது முழுப்படம். அந்த மனிதர் யாரையும் ஏமாற்றவில்லை பாருங்கள், உண்மையாகவே தேடியிருக்கிறார், தெரியவில்லை.

"நாங்க ஜெயிச்சோம்" சமாசாரமும் ஆராயப்பட்டதுதான். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1973 சீசனில் ஏழு பல்கலைக்கழகங்களில், உங்கள் பேரன் படிக்கிற ஓஹாயோ ஸ்டேட்டும் அதில் ஒன்று, திங்கட்கிழமை வகுப்புக்கு யார் யார் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு வருகிறார்கள் என்று எண்ணினார்கள். அணி ஜெயித்த வாரத்தில் அந்தச் சட்டைகள் கூடின. பிறகு வேறொரு சோதனையில் மாணவர்களைப் போனில் கூப்பிட்டுக் கல்லூரி வாழ்க்கையைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டு, உண்மையான மதிப்பெண்ணைப் பார்க்காமலே சிலரிடம் நன்றாகச் செய்தாய் என்றும் சிலரிடம் சரியாகச் செய்யவில்லை என்றும் சொல்லிவிட்டு, அப்புறம் ஆட்டத்தைப் பற்றி விசாரித்தார்கள். மோசம் என்று கேட்டவர்கள்தான் வெற்றி என்றால் "நாங்கள்" என்றும் தோல்வி என்றால் "அவர்கள்" என்றும் அதிகமாகப் பிரித்துப் பேசினார்கள்.

இதனால்தான் ஆச்சி, பேரனோடு ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போட வேண்டாம் என்கிறேன். டீம் தோற்ற வாரம் அவன் ரொம்பப் புலம்பினால் படிப்பு எப்படிப் போகிறது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மனசு தெளிவாக இருக்கிற வாரத்தில் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதையே மிச்சிகன்காரன் பண்ணியிருந்தா நீ என்னப்பா சொல்லியிருப்பே?" கணக்கில் கெட்டிக்காரன் என்கிறீர்கள், யோசிப்பான்.

கே: சிராவயல் மஞ்சுவிரட்டில் எங்கள் ஊர்க் காளையை யாரும் அணையவில்லை என்று நாங்கள் சொல்கிறோம், அணைந்தோம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். என்னிடம் செல்போன் வீடியோ இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் தகராறு தீருமா? (காரைக்குடி)

தீராது தம்பி, கூடும். மேலே சொன்ன படச்சுருள் கதையைப் படித்தீர்கள் அல்லவா? வீடியோவைப் போட்ட உடனே இரண்டு ஊரும் அதையே சாட்சிக்கு இழுக்கும். போடத்தான் வேண்டும் என்றால், முதலில் எது பிடி என்று இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். திமிலில் கை பட்டால் போதுமா, மாடு இரண்டு துள்ளு துள்ளும் வரை தொங்க வேண்டுமா, வாலைப் பிடித்தது சேருமா? அதை எழுதி வைத்த பிறகு, இரண்டு ஊருக்கும் சம்பந்தமில்லாத ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு விதியைப் பேச ஆரம்பித்தால் அவரவர் மாட்டுக்குத் தோதான விதிதான் வாயில் வரும்.

கே: என் வீட்டுக்காரர் ஒரே கம்பெனி சாமான்தான் வாங்குவார். எங்கள் மிக்ஸியில் கப்ளர் இரண்டு தடவை போய்விட்டது, ஜார் அடியில் புஷ் தேய்ந்து கறுப்பாகக் கசிகிறது. கேட்டால் "நீ கல்பாசி, மராட்டி மொக்கெல்லாம் மொத்தமாப் போட்டு அரைச்சா எந்த மிக்ஸி தாங்கும்" என்கிறார். நாத்தனார் வீட்டில் வேறு கம்பெனி, அதே மசாலாதான், ஒன்றும் ஆகவில்லை. "அவங்களுக்கு அதிர்ஷ்டம்" என்கிறார். மகள் கல்யாணச் சாமானுக்கும் அதே கம்பெனிதான் என்று பிடிவாதம். (தேவகோட்டை)

உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு பதில்களையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி விளக்கம். தன் கம்பெனி கெட்டால் அரைத்தவர் குற்றம், அடுத்த கம்பெனி நன்றாக ஓடினால் அதிர்ஷ்டம். இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் அந்தக் கம்பெனி எந்தக் காலத்திலும் தோற்காது.

இது பணம் கொடுத்த நிமிஷத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. 1956-இல் ஜாக் பிரெம் என்பவர் கல்லூரிப் பெண்களிடம் எட்டு வீட்டுச் சாமான்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். அப்புறம் அதில் இரண்டைக் காட்டி, ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்த பிறகு மறுபடி மதிப்பெண் கேட்டபோது எடுத்த சாமானுக்குக் கூடியிருந்தது, விட்டதற்குக் குறைந்திருந்தது. இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்து தேர்ந்தெடுக்கத் திண்டாடியவர்களிடம் இந்த மாற்றம் அதிகம். தப்பாக வாங்கிவிட்டோமோ என்ற உறுத்தலை மனசு தாங்காது, அதனால் வாங்கியதை உயர்த்திவிடுகிறது. அடுத்த வருஷம் லியோன் ஃபெஸ்டிங்கர் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு கொள்கையே எழுதினார்.

நம் பக்கம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கல்யாணத்துக்குச் சாமான் பரப்புகிறோம். மங்குச் சாமான் காலத்திலிருந்து இன்று வரை வந்தவர்கள் எல்லாம் சுற்றிப் பார்த்து, எந்த ஊர்ச் சரக்கு, என்ன கம்பெனி என்று விசாரிப்பார்கள். அங்கே கம்பெனிப் பெயர் குடும்பத்து மதிப்போடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொன்ன பெயரை அடுத்த வருஷம் ரிப்பேர்க் கடையில் வைத்துக் குறை சொல்ல எந்தத் தகப்பனுக்கும் வாய் வராது. உங்கள் வீட்டுக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மகளுக்கு அந்த ஜாரில்தான் அரைக்க வேண்டும், அதனால் விட்டுவிடவும் சொல்ல மாட்டேன்.

விவாதம் வேண்டாம். வாரண்டி அட்டையின் பின்னால் என்று வாங்கியது, எப்போது எது போனது, என்ன செலவு என்று தேதி போட்டு எழுதுங்கள், கருத்து ஒன்றும் எழுதாதீர்கள். நாத்தனார் வீட்டு மிக்ஸிக்கும் அதே மாதிரி ஒரு தாள். கல்யாணச் சாமான் வாங்கப் போகிறதற்கு முன்னால், கடைக்குள் நுழைந்த பிறகு அல்ல, வீட்டில் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள்: எத்தனை வாட், எத்தனை வருஷ வாரண்டி, மோட்டாருக்கு மட்டுமா ஜாருக்கும் உண்டா, தேவகோட்டையிலேயே சர்வீஸ் கிடைக்குமா. கம்பெனிப் பெயர் அந்தத் தாளில் வரக் கூடாது. ரிப்பேர்க் கடைக்காரரிடமும் கேட்கலாம், ஆனால் எந்தக் கம்பெனி அதிகமாக வருகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், அதிகம் விற்கிற கம்பெனிதான் அதிகம் வரும். வாங்கி எத்தனை வருஷத்தில் வருகிறது என்று கேளுங்கள்.

இதற்கிடையில், கறுப்பாகக் கசிகிற ஜாரில் சமையலுக்கு அரைக்காதீர்கள். புஷ் மாற்றுவது பெரிய செலவில்லை.

கே: நண்பன் ஒரு கோலாவைத் தவிர வேறு தொட மாட்டான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்டியிருக்கிறான். எப்படி நடத்துவது? (பள்ளத்தூர்)

ஒரே மாதிரி மூன்று டம்ளர். இரண்டில் ஒரு கோலா, மூன்றாவதில் மற்றது, எல்லாம் ஒரே குளிர்ச்சியில். ஊற்றுகிறவர் வேறு, கொண்டுவந்து வைக்கிறவர் வேறாக இருக்கட்டும், வைக்கிறவருக்கு எது எதுவென்று தெரியக் கூடாது, தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். எந்த டம்ளர் வேறு என்று நண்பர் சொல்ல வேண்டும். ஒரு தடவை சரியாகச் சொன்னால் கணக்கில்லை, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். இடம் மாற்றி மாற்றிப் பல தடவை வையுங்கள், நடுவில் தண்ணீர் குடிக்கட்டும். எத்தனைக்கு எத்தனை சரியாக இருந்தால் ஜெயித்ததாக அர்த்தம் என்பதை முதல் டம்ளருக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

அவர் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம், சிலருக்கு நாக்கு அவ்வளவு கூர்மை. ஆனால் வித்தியாசம் தெரிவது வேறு, லேபிளைப் பார்த்து ருசிப்பது வேறு. கோக கோலா கம்பெனி சுமார் இரண்டு லட்சம் ருசிச் சோதனைகள் நடத்தி, பெயர் தெரியாமல் குடித்தவர்கள் புது ருசியையே அதிகம் விரும்பினார்கள் என்று நம்பி, 1985 ஏப்ரல் 23 அன்று பழைய கலவையை மாற்றியது. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். போன் மேல் போன், கடிதம் மேல் கடிதம். ஜூலையிலேயே பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2004-இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஓர் ஆய்விலும், இது கோக் என்று காட்டிவிட்டுக் கொடுத்தபோது நினைவோடு சம்பந்தப்பட்ட பகுதிகள் கூடுதலாக வேலை செய்தது தெரிந்தது. ஆகவே பந்தயத்தில் தோற்றால் நண்பரைக் கேலி பண்ணாதீர்கள். லேபிளோடு குடிக்கும்போது அவருக்குக் கிடைக்கிற ருசி நிஜமான ருசிதான். காரணம் பாட்டிலுக்குள் இருக்கிறது என்று அவர் நம்புவது மட்டும்தான் தப்பு.

கே: எங்கள் ஐயா காலத்திலிருந்து ஒரே நகைக்கடை. வேறு கடை வாசலை மிதித்ததில்லை. கம்பெனிப் பெயரையோ கடைப் பெயரையோ நம்பவே கூடாது என்கிறீர்களா? (கோட்டையூர்)

அப்படிச் சொல்ல மாட்டேன். நம்மால் சோதிக்க முடியாத இடத்தில் நல்ல பெயரை நம்புவதுதான் புத்திசாலித்தனம். சுவருக்குள் போகிற மின் வயரை யார் பிரித்துப் பார்க்க முடியும்? அங்கே ஐஎஸ்ஐ முத்திரையும் பெயரும்தான் துணை. சோதிக்க முடிந்த இடத்திலும் சோதிக்காமல் இருப்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

நகையில் இப்போது நிறையவே சோதிக்க முடியும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் தங்க நகை விற்றால் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்யுஐடி அடையாளம் இருந்தாக வேண்டும், அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எத்தனை காரட் என்று வந்துவிடும். தங்கம் சுத்தமா என்பதற்கு மூன்று தலைமுறைப் பழக்கம் தேவையில்லை. ஆனால் சேதாரமும் செய்கூலியும் கடைக்குக் கடை மாறும், பழகிய வாடிக்கையாளர் அதைக் கேட்பதில்லை. "நம்மகிட்ட கூடப் போட மாட்டாங்க" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். அப்படியே இருக்கட்டும், நல்ல மனிதர்களாகவே இருக்கலாம், கேட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். வாங்கப் போகிற அதே மாதிரி நகைக்கு இன்னும் இரண்டு கடையில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று விசாரித்துக்கொண்டு, உங்கள் கடைக்குப் போகும்போது பழைய பில்லையும் எடுத்துப் போங்கள்.