டப்பாவின் பின்பக்கம்

கேள்வி: என் 4 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு பவுடர் பாலும் கொடுக்கிறோம். டப்பாவில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று போட்டிருக்கிறது. சர்க்கரை ஏறுமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: பொடி எழுத்தைப் படித்தீர்களே, சபாஷ்! தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. குடலில் அது குளுக்கோஸ், காலக்டோஸ் என்று பிரியும். காலக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரல் பிடித்துக்கொள்ளும். அதனால் ரத்தச் சர்க்கரை நிதானமாக ஏறும். மால்டோடெக்ஸ்ட்ரின் முழுக்க குளுக்கோஸ் சங்கிலி, சீக்கிரம் ஏற்றிவிடும். ஆரோக்கியமான குழந்தை சமாளித்துக்கொள்ளும், பயப்படாதீர்கள். ஆனாலும் காலக்டோசீமியா (காலக்டோஸை உடல் கையாள முடியாத பிறவிக் கோளாறு) போன்ற காரணம் இல்லாவிட்டால் லாக்டோஸ் டப்பாதான் என் கட்சி.

என் கவலை வேறு. போன வாரம் ஒரு பாட்டி, "பால் சப்புன்னு இருக்கு டாக்டர்" என்று என் மேஜையிலேயே பாட்டிலில் அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குலுக்கினார். அது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்புறம், பவுடரைத் தலைதட்டி அள்ளுங்கள்.