வீட்டில் பேசிய அரபி

அன்புள்ள ஐயா,

ஒரு கல்லூரியின் அயல்மொழித் துறைக்குச் சமீபத்தில் பொறுப்பேற்றிருக்கிறேன். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், அரபி என நான்கு பிரிவுகள். ஜெர்மனில் ஆள் குறைகிறது, மூடிவிடலாமா என்று நிர்வாகம் கேட்கிறது. ஜப்பானியத்துக்குப் பார்வையற்ற மாணவர் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளை அவருக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று ஆசிரியர் தயங்குகிறார். அரபியில் வேறு தலைவலி. வீட்டிலேயே அரபி பேசுகிற சிலர் சுலபமாக மதிப்பெண் வாங்க முதல்நிலை வகுப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். மற்றவர்கள் மிரள்கிறார்கள். தாய்மொழியாளரைப் போலவே எல்லோரையும் பேசவைக்க வேண்டும் என்பது என் ஆசை. இத்தனை விதமான மாணவர்களை வைத்துக்கொண்டு துறையை எப்படி நடத்துவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள பேராசிரியருக்கு,

‘சுலபமாக மதிப்பெண் வாங்க’ என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் வாழ்த்துச் சொல்லி ஒரு வரியோடு முடித்திருப்பேன்.

ஜெர்மன் விஷயத்தில் நிர்வாகத்தோடு மல்லுக்கட்ட எனக்குத் தெரியாது. ஒரு மொழியை இன்னொரு மொழியோடு நிறுத்துப் பார்க்க மட்டும் அவர்களை விடாதீர்கள். அமெரிக்க வெளியுறவு அதிகாரிகளுக்கான பயிற்சி நிறுவனம் ஸ்பானிஷுக்கு 30 வாரம் வைத்தால், ஜப்பானியத்துக்கும் அரபிக்கும் 88 வாரம் வைக்கிறது. அதுவும் முழுநேரப் படிப்பு. கல்லூரியிலோ எல்லா மொழிக்கும் ஒரே மணிக்கணக்கு, கடைசியில் ஒரே தேர்ச்சி விகிதம் வேண்டுமாம்.

ஜப்பானியத்துக்கென்று தனி பிரெயில் 1890 முதல் இருக்கிறது. அது ஒலியசைகளைக் குறிக்கும் கானா எழுத்தை ஒட்டியது. அன்றாடப் புழக்கத்துக்கென்று ஜப்பானிய அரசு பட்டியலிட்ட 2136 கான்ஜியும் இல்லாமலே அதில் வாசிக்கலாம். மற்றவர்கள் கோடு கோடாக எழுதிப் பழகும் நேரத்தில் அந்த மாணவர் வாக்கியங்களுக்குப் போயிருப்பார். இன்றே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் ‘தலைவலி’க்கு வருகிறேன்.

நான் அரபி படிக்கப் போன வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பாட்டியோடு பேசிப் பேசியே மொழி வந்தவள். ஆசிரியர் ஏதோ கேட்க, சிரித்துக்கொண்டே சரளமாகப் பதில் சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்தார். ‘இது தெருப்பேச்சு. இங்கே அரபி சொல்லித்தருகிறோம்’ என்றார். அதற்குப் பிறகு வகுப்பில் அவள் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. எழுத்து வழக்கில் சொல்லிறுதியில் வரும் வேற்றுமைக் குறிகளை நாங்கள் உருப்போட்டோம். பேச்சு அரபியில் அவை கிடையாது. எங்களுக்கு எவ்வளவு புதிதோ அவளுக்கும் அவ்வளவு புதிது. அவளுக்குத் தெரிந்த எதுவும் வினாத்தாளில் வரவில்லை. தேர்வில் என் மதிப்பெண் அவளுடையதைவிட அதிகம். அரபியில் வழி கேட்கக்கூட வராத எனக்கு!

பேச ஒரு வழக்கு, எழுத ஒரு வழக்கு என்று ஒரே சமூகம் இரண்டை வைத்துக்கொள்வதைப் பற்றி மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையில் முக்கியமான உதாரணங்களில் ஒன்று அரபி. ஆனால் இதைத் தெரிந்துகொள்ள ஃபெர்குசன் எதற்கு? வீட்டில் பேசுகிற தமிழை அப்படியே கட்டுரை நோட்டில் எழுதிச் சிவப்புக் கோடு வாங்கியவர்கள்தானே நாமெல்லாம்? அந்த வலி தெரிந்த உங்களுக்கே அந்த மாணவர்கள் சோம்பேறிகளாகத் தெரிந்தால் என்ன சொல்ல!

அவர்களுக்குக் காது பழகியிருக்கிறது, கை பழகவில்லை. முதல்நிலையில் போட்டால் அலுத்துப்போவார்கள். மேல்நிலையில் போட்டால் ஒரு பத்தி எழுதத் திணறுவார்கள். எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து வகுப்பு பிரிக்காதீர்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் பேசவிட்டுக் கேளுங்கள். வீட்டில் யாரோடு பேசுவாய், எதைப் பேசப் போனால் வார்த்தை வராமல் நிற்கிறாய், எழுதியிருப்பதை வாசிப்பாயா என்று விசாரியுங்கள். முடிந்தால் எழுத்தும் வாசிப்பும் முதலில் வருகிற தனி வகுப்பு போடுங்கள். முடியாவிட்டால் அதே வகுப்பில் வேறு வேலை கொடுங்கள். ‘பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடு’ என்று அவர்களைச் சம்பளமில்லாத உதவி ஆசிரியர்களாக்குகிற வழக்கம் பல துறைகளில் உண்டு. அவர்களும் கட்டணம் கட்டித்தானே படிக்க வருகிறார்கள்?

தாய்மொழியாளரைப் போலவே பேசவைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஏ1 முதல் சி2 வரை மொழித்தகுதியைப் பிரித்துவைத்த ஐரோப்பிய கவுன்சிலே, 2020இல் வெளியிட்ட துணைத்தொகுதியில் தன் அளவுகோல்களிலிருந்து தாய்மொழியாளரை எடுத்துவிட்டது. அதுவும் போகட்டும். நான் சொன்ன வகுப்பில் தாய்மொழியாளர் யார்? அந்தப் பெண்தான். அவள் வாயைத்தான் முதலில் அடைத்தார்கள்.

கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்னவோ. மூடச் சொல்கிற நிர்வாகத்துக்கும் தயங்குகிற ஆசிரியருக்கும் நடுவில் நின்று இதையெல்லாம் யோசிக்கிறீர்களே, அது எத்தனை பேருக்கு வரும்? அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன். அடுத்த பருவத்துக்கு வினாத்தாள் தயாரானதும் பேச்சுக்கு எத்தனை மதிப்பெண் ஒதுக்கினீர்கள் என்று எழுதுங்கள். நூற்றுக்குப் பத்து என்று வந்தால் பதில் போடமாட்டேன்.