மடித்தால் வெடிக்குது, ஒட்டினால் சுருங்குது!
காகிதக் கைவேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாழ்த்து அட்டை, ஸ்கிராப்புக் ஆல்பம் செய்கிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மடிப்பையும் சுருக்கத்தையும் பற்றிய புகார்கள். அவற்றுக்கே முதலிடம்.

பூப்போட்ட டிசைன் பேப்பர்ல வாழ்த்து அட்டை செய்யறேனுங்க. மடிச்ச உடனே மடிப்புல வெள்ளையா வெடிச்சுப் போகுது. நல்ல கனமான பேப்பர்தான். என்ன கோளாறுங்க?
– வாசகி, திருப்பூர்

கனமாக இருப்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, நீங்கள் மடித்த திசை. மிஷினில் ஓடி வந்த எந்தத் தாளிலும் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். நம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து வரும் தாளுக்கும் அதுதான், பாக்கெட்டில் வரும் விலை உயர்ந்த டிசைன் தாளுக்கும் அதுதான். நார் ஓடும் போக்கிலேயே மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து, மேலே உள்ள அச்சு வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும்.

திசையைக் கண்டுபிடிப்பது சுலபம். தாளை மேசையில் போட்டு, ஒரு ஓரத்தைத் தூக்கி, மடிப்பு விழாமல் வளைத்து உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பிறகு தாளைக் கால்வட்டம் திருப்பி அடுத்த ஓரத்தையும் அதேபோல் அழுத்துங்கள். எந்த வளைவு முரண்டு பிடிக்காமல் படிகிறதோ, அந்த வளைவின் நீளவாக்கில்தான் நார் ஓடுகிறது. மடிப்பும் அந்த வாக்கில்தான் விழ வேண்டும்.

கடையில் கிடைக்கும் ஏ4 அட்டையில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் இருக்கும். அதை அப்படியே பாதியாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. அதே அட்டையை முதலில் குறுக்கே வெட்டி இரண்டு ஏ5 துண்டாக்கி, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்துப் பாருங்கள். 10.5 × 14.8 செ.மீ. கார்டு வரும், மடிப்பும் நாரோடு போகும். ஒரே அட்டைதான். ஒன்று வெடிக்கும், மற்றது வெடிக்காது.

அடுத்தது கோடு போடுவது. 200 ஜி.எஸ்.எம்.முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேற்பட்ட எதையும் வெறுங்கையால் மடிக்கக் கூடாது. இரும்பு ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரே சீராக இரண்டு முறை இழுங்கள். கட்டர் வேண்டாம், அது மேல்தோலை அறுத்துவிடும். கோடு விழுந்த இடம் ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும். மேடு உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். பலரும் பள்ளத்தை உள்ளே வைத்து மடிக்கிறார்கள். அதில் வெளிப்பக்கத் தோல் அதிகமாக இழுபட்டுக் கிழிகிறது.

எங்களைக் கேட்டால், டிசைன் தாளை மடிக்கவே வேண்டாம் என்போம். 250 ஜி.எஸ்.எம். வெற்று அட்டையில் கார்டை மடித்துக்கொண்டு, டிசைன் தாளை நான்கு பக்கமும் 3 மி.மீ. குறைத்து வெட்டி முன்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். விளிம்பில் தெரியும் வெற்று அட்டையே பார்டராகிவிடும். பனியன் கட்டிங் போன்ற பருத்தித் துண்டுகளைக் கூழாக்கிச் செய்யும் கைக்காகிதத்தில் இந்த வெடிப்புத் தொல்லை குறைவு. நார் நீளமானது, ஒரே திசையிலும் படுப்பதில்லை. ஆனால் இங்க் பேனாவால் எழுதினால் எழுத்து ஊறிப் பரவும். பால்பாயின்ட்டால் எழுதுங்கள்.

பெவிகால் போட்டு ஒட்டுனா காயும்போது பேப்பர் அலை அலையா நிக்குது. கார்டும் அப்பளமாட்டம் வளைஞ்சுருது. பசையை மாத்தோணுமா?
– வாசகர், கோபி

பசையில் உள்ள தண்ணீர்தான் காரணம். வெள்ளைப் பசை தண்ணீர் கலந்தது. தாள் அதை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் நனைந்து காய்ந்தால் அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். பாட்டிலிலிருந்து நேராகப் பிதுக்கிக் கோலம் போடுகிறவர்களுக்கு, பிதுக்கிய கோடு அப்படியே மேலே தெரியும்.

பெரிய பரப்புக்கு க்ளூ ஸ்டிக் அல்லது டபுள் சைடு டேப். டேப் என்றால் 6 மி.மீ. அகலம் போதும். நாலு ஓரத்திலும் ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு பட்டை. பெவிகால்தான் போட வேண்டும் என்றால் ஒரு சொட்டைப் பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்து, தாளின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்புங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி ஒட்டி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான நான்கைந்து புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி விடுங்கள். ஃபேனுக்கு அடியிலோ திண்ணையிலோ காயப்போடாதீர்கள். மேல்பக்கம் மட்டும் முந்திக் காய்ந்து வளையும். அதுவும் ஆடி மாதம் என்றால் அம்மியே பறக்கும் நம்மூரில் அட்டை எங்கே நிற்கும்?

ஆல்பத்தின் மேலட்டை வளைவதற்கும் இதே காரணம்தான். அட்டையின் வெளிப்பக்கம் தாள் ஒட்டினால் உட்பக்கமும் அதே கனத்தில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை நேராக நிற்கும்.

ஜிகினாத் தூள் கொட்டாமல் இருக்க என்ன செய்வது?
– வாசகி, சேலம்

கொட்டும். ஜிகினா அட்டையாகவே வாங்கி வடிவம் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல்முகத்தில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது, எனவே அதை எப்போதும் மேல் அடுக்காக வையுங்கள்.

தம்பி கல்யாண ஆல்பத்தை நானே 12 இஞ்ச் அளவில் செய்கிறேன். இருபது தாள். பாதி ஒட்டியதற்கே ஆல்பம் முதலை வாய் மாதிரி பிளந்து நிற்கிறது. எங்கே தப்பு? ஒரு பக்கத்துக்கு எத்தனை போட்டோ வைக்கலாம்?
– வாசகி, ஈரோடு

முதுகுப் பக்கம் ஒல்லி, வாய்ப் பக்கம் குண்டு. அதுதான் தப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 ஜி.எஸ்.எம். தாள் ஏறக்குறைய 0.3 மி.மீ. அதன் இரண்டு பக்கமும் டிசைன் தாள் (0.2), அதன்மேல் போட்டோ (0.25) ஒட்டினால் ஒரு தாளின் கனம் 1.2 மி.மீ. ஆகிறது. இருபது தாளுக்கு 24 மி.மீ. முதுகிலோ வெறும் தாள்தான், 6 மி.மீ. மீதி 18 மி.மீ.தான் பிளந்து நிற்கிறது.

அந்த வித்தியாசத்தை முதுகில் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் அதே அட்டையில் 2 செ.மீ. அகலத்துக்கு மூன்று பட்டைகள் வெட்டி (3 × 0.3 = 0.9) முதுகு ஓரத்தில் அடுக்கிச் சேருங்கள். பட்டையின் நீளம் தாளின் உயரமேதான். பாதி ஒட்டிய ஆல்பத்திலும் இதைச் செய்யலாம், ஸ்குரூவைக் கழற்றி இடையில் சொருகினால் போதும். தைத்த ஆல்பம் என்றால் தையலைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அதனால்தான் முதல் ஆல்பம் செய்கிறவர்கள் பைண்டிங் கடையில் விற்கும் திருகு ஸ்குரூவே போடட்டும் என்கிறோம். முதுகு ஓரத்திலிருந்து 1.2 செ.மீ. உள்ளே மூன்று துளை. 3 செ.மீ. உள்ளே ஒரு மடிப்புக் கோடு, தாள் அங்கேதான் புரள வேண்டும். மேலட்டைக்கு 2 மி.மீ. கிரே போர்டு, மேலும் கீழும் தாளைவிட 3 மி.மீ. கூடுதலாக.

ஃபோம் டேப்பில் தூக்கி ஒட்டும் பூ, பட்டாம்பூச்சி எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஒன்று வைத்தாலே ஒன்று, ஒன்றரை மில்லி ஏறும். நாலைந்து பக்கத்தோடு நிறுத்துங்கள். ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்று வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோ கணக்கு: முதுகுக்கு 3 செ.மீ. போனால் 12 இஞ்ச் தாளில் மிஞ்சும் அகலம் பத்தே முக்கால் இஞ்ச். 4 × 6 படம் இரண்டைப் படுக்கை வசமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 12 இஞ்ச் வேண்டும், இடம் கொள்ளாது. மேலே ஒன்று படுக்கையாக, கீழே இரண்டு நிற்கும் வாக்கில் வையுங்கள். அகலம் 8 இஞ்ச், உயரம் 10 இஞ்ச், எழுதவும் இடம் மிஞ்சும். இருபது தாளுக்கு இப்படி 120 படங்கள். எல்லாவற்றையும் நிரப்பத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. இணைச்சீர் படங்களுக்கு எதிரெதிர் இரண்டு பக்கத்தை முழுசாக ஒதுக்குங்கள். அண்ணன் தம்பி கல்யாணத்தில் அக்கா தங்கச்சிக்கென்று இருக்கிற சீர் அது, ஆல்பம் செய்கிற அக்காவே அதை மூலையில் திணிக்கலாமா? கல்யாணச் சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் சீர் செய்யும் படமும் மேடைக் கூட்டத்தில் தொலைந்துவிடும், தனியாகத் தேடி எடுத்து வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகையைச் சேர்ப்பதாக இருந்தால் நேராக ஒட்டாதீர்கள். ஓரத்தில் தடவிய மஞ்சள் எதிர்ப்பக்கப் போட்டோவில் ஏறும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை ஒட்டுங்கள். பி.வி.சி. உறை மட்டும் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்பா காலத்து கறுப்பு வெள்ளைப் படங்கள் பழைய பசை ஆல்பத்தில் ஒட்டிக் கிடக்கின்றன. எடுத்துப் புதிய ஆல்பத்தில் வைக்க வேண்டும். பைண்டிங்காரர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டச் சொல்கிறார். சரியா?
– வாசகர், தாராபுரம்

நோட்டு, கணக்குப் புத்தகம் பைண்டிங்குக்குச் சரி. மைதாவைத் தேடி ராமபாணப் பூச்சி வரும், அதைத் தடுக்கத்தான் துத்தம். போட்டோவுக்கு வேண்டாம். துத்தம் ஒரு செம்பு உப்பு, அது நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். விஷமும்கூட, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கிண்ணமே ஆபத்து.

பழைய படத்துக்குப் பசையே தேவையில்லை. நான்கு மூலை மட்டும் போதும். 2 செ.மீ. அகலம், 4 செ.மீ. நீளத்தில் தாள் வெட்டி, நீளத்தின் நடுவை உச்சியாக வைத்து இரண்டு முனையையும் கீழே மடித்தால் ஒரு முக்கோண உறை கிடைக்கும். படத்தின் மூலையை அதில் சொருகி, உறையின் முதுகை மட்டும் ஆல்பத்தில் ஒட்டுங்கள். நாளைக்குப் படத்தை வெளியே எடுத்து நகல் போடலாம்.

பழைய ஆல்பத்திலிருந்து எடுக்கும்போது மூலையைப் பிடித்து இழுக்கவே கூடாது, படத்தின் மேல்தோல் வெடிக்கும். வழவழப்பான தையல் நூலை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ரம்பம் மாதிரி மெதுவாக அறுத்துக்கொண்டே போங்கள். அசையாவிட்டால் விட்டுவிட்டு, அப்படியே ஸ்கேன் எடுங்கள். கூடவே செய்தித்தாள் துணுக்கு வைத்திருந்தால் அதன் நகலை நல்ல தாளில் எடுத்து வையுங்கள். அசல் மஞ்சளாவதோடு தொட்டுக்கொண்டிருக்கும் படத்தையும் கெடுக்கும்.

காப்புக் கட்டுற பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை வெச்சுப் பொங்கல் வாழ்த்து செய்யலாமுங்களா?
– வாசகி, பொள்ளாச்சி

அழகாக வரும். ஆனால் பச்சையாக ஒட்டினால் பூசணம் பூத்து அட்டையில் கறை இறங்கும். மார்கழி கடைசி வரை காத்திருக்காமல் பதினைந்து நாள் முன்பே பறியுங்கள். வெயிலேறி, பனி உலர்ந்த பிறகு பறிக்க வேண்டும். செய்தித்தாள் மடிப்புக்குள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி மேலே பாரம் வையுங்கள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், சோம்பினால் பூ கறுக்கும். பத்து நாளில் மொறுமொறுவென்று ஆகும். பூளைப்பூ இயல்பிலேயே காய்ந்த பஞ்சு மாதிரிதான், அதன் தண்டுதான் தடிமன். நீளவாக்கில் பிளந்து, பாதியை மட்டும் வையுங்கள். ஆவாரம்பூவில் கொத்தாக எடுக்காமல் ஒற்றைப் பூ. ஒட்டுவதற்கு, தண்ணீர் கொஞ்சம் கலந்த பெவிகாலைத் தண்டின் அடியில் மட்டும் ஈர்க்குச்சியால் தொட்டு வைத்தால் போதும். தபாலில் போவதென்றால் மேலே ட்ரேசிங் பேப்பர் ஒரு தாள்.

விரித்தால் எழுந்து நிற்கும் கார்டில், மூடும்போது படம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.
– மாணவி, நாமக்கல்

மடிப்பில் இரண்டு வெட்டு வெட்டி, உள்ளே தள்ளி, அந்தப் படிக்கட்டின் முகத்தில் படம் ஒட்டும் முறையைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறோம். மடிப்பிலிருந்து வெட்டின் நீளத்தையும் படத்தின் உயரத்தையும் கூட்டினால், மூடிய கார்டின் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கார்டு 10.5 செ.மீ., வெட்டு 3 செ.மீ. என்றால் படம் 7 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பெரிய படம்தான் வேண்டும் என்றால் வெட்டைச் சிறிதாக்குங்கள்.

எக்ஸ்புளோஷன் பாக்ஸ் செய்ய ஒரு பெரிய ஷீட் போதுமா? மூடி ஒன்று இறுக்குகிறது, இல்லையென்றால் நழுவுகிறது.
– வாசகி, கரூர்

மூடியைத் தூக்கியதும் சுவர்கள் நாலாபுறமும் விரியும் அந்தப் பெட்டிக்கு 22 × 28 இஞ்ச் ஐவரி போர்டு ஒன்று போதும், கணக்காக வெட்டினால். அதாவது 56 × 71 செ.மீ. முதலில் 71 பக்கத்திலிருந்து 17 செ.மீ. பட்டை ஒன்றை மூடிக்கென்று வெட்டி வைத்துவிடுங்கள். மிஞ்சுவது 56 × 54. அதில் 27 செ.மீ. சதுரம் நான்கு வரும். ஒன்றை அப்படியே வைத்து, இன்னொன்றை 25.5 ஆகவும் அடுத்ததை 24 ஆகவும் குறையுங்கள். நான்காவது உபரி, கை தவறினால் உதவும். ஒவ்வொரு சதுரத்தையும் மூன்று மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டு (9, 8.5, 8 செ.மீ.), நான்கு மூலைக் கட்டத்தையும் வெட்டி எடுத்தால் கூட்டல் குறி மிஞ்சும். பெரியதன் நடுக்கட்டத்தில் அடுத்ததை ஒட்டுங்கள், அதன்மேல் கடைசியை.

மூடியின் உள்ளளவு பெட்டியைவிட 3 மி.மீ. பெரிதாக, 9.3 செ.மீ. இருக்கட்டும். சுவர் 3 செ.மீ. என்றால் வெட்ட வேண்டிய சதுரம் 15.3. அந்த 17 செ.மீ. பட்டையில் சரியாக உட்காரும். பெட்டிச் சுவரின் வெளிப்பக்கம் டிசைன் தாள் ஒட்டுவதாக இருந்தால், ஒட்டிக் காய்ந்த பிறகு மூன்று அடுக்கையும் நிமிர்த்திப் பிடித்து அளந்து, அந்த அளவோடு 3 மி.மீ. சேர்த்து மூடியை வெட்டுங்கள். பலருக்கு இறுக்குவதற்குக் காரணம், ஒட்டுவதற்கு முன்பே மூடியை வெட்டிவிடுவதுதான்.