மதுரையில் இருந்துகொண்டு, ஒரு காலைப் பொழுதுக்குள் காட்டுயிர் பார்த்துத் திரும்ப எப்படித் திட்டமிடலாம்?

ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், முதுமலை, டாப்ஸ்லிப் என்று அடிக்கடி கிளம்ப முடியவில்லை, மதுரையைச் சுற்றியே ஏதாவது பார்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி தாராளமாக உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்து, பல வருடங்களாகக் கண்மாய்க் கரைகளில் சுற்றுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

எந்த ஊருக்குப் போவது என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த மாதம் தண்ணீர் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்து கண்மாய்களை நிரப்பும். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்கு இன்னொரு வரத்தும் உண்டு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வைகை அணைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக மேலூர் வரைக்கும் போகிறது. உள்ளூரில் மழை குறைந்த வருடத்திலும் அந்தப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் நிற்பது இதனால்தான். பேப்பரில் 'வைகை அணையில் இருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு' என்று செய்தி வந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் கால்வாயை ஒட்டிய கண்மாய்களில் தண்ணீர் ஏறியிருக்கும், பின்னாலேயே பறவைகளும் வந்திருக்கும். வானம் பார்த்த கண்மாய்களுக்கு இப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. அங்கே போவதற்கு முன் அந்த ஊரில் தெரிந்தவர் யாரிடமாவது 'கண்மாயில தண்ணி கெடக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தண்ணீரின் அளவு மாற மாற, அதே கண்மாயில் பார்க்கக் கிடைப்பதும் மாறும். நிறைந்து மறுகால் பாய்கிற நேரத்தில் ஆழம் அதிகம் என்பதால் முங்கி மீன் பிடிக்கிறவைதான் இருக்கும்: நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான். கூழைக்கடாவும் அப்போது கூட்டமாக மிதக்கும். தண்ணீர் பாதியாகக் குறையும்போது காலால் நடந்து மேய்கிறவை இறங்கும். மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் ஒரே கண்மாயில் வேறு வேறு விதமாகத் தீனி தேடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கரண்டிவாயன் அலகைத் தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும். நத்தை குத்தி நாரையின் அலகு நடுவில் மூடாது, இடைவெளி தெரியும். பெரிய நத்தைகள்தான் அதன் முக்கிய இரை. இன்னும் வற்றி ஓரத்தில் சேறு தெரியத் தொடங்கும்போது உள்ளான்கள் வரும். ஐரோப்பா, ஆசியாவின் வடக்குப் பகுதிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்த பொரி உள்ளான், நம் ஊர் எருமை மிதித்த சேற்றில் நின்று புழு பொறுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். கண்மாய் முழுக்க வற்றிய பிறகும் வேலை முடிந்துவிடுவதில்லை. கரைக்கு உள்ளே தண்ணீர் நின்ற தரையில் புல் முளைத்திருந்தால் வானம்பாடியும் நெட்டைக்காலியும் இருக்கும். ஆள்காட்டி வெறும் தரையிலேயே முட்டையிடும், முட்டை பார்க்க கூழாங்கல் மாதிரியே இருக்கும். அது தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அதனால் என் முதல் யோசனை, வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் எட்டுகிற ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை அதற்கே போங்கள். அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் என்றால் வண்டியூர் கண்மாய். நகரத்தின் தென்கிழக்கே இருந்தால் சாமநத்தம் கண்மாய். புதுப்புது இடமாகத் தேடி ஓடுகிறவர்களைவிட, ஒரே கண்மாயை வருடம் முழுக்கப் பார்த்தவர்கள்தான் பறவைகளை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எந்த மரத்தில் நீர்க்காகம் சிறகு காய வைக்கிறது, நீலச்சிறகி வாத்துகள் எப்போது கிளம்பிவிட்டன என்பதெல்லாம் அப்படித்தான் பிடிபடும்.

காலையில் போங்கள். வெயிலுக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் பகுதியில் நிலம் பெரும்பாலும் கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிகிறது, அதனால் கண்மாயின் கரை கிழக்குப் பக்கத்திலும் நீர்ப்பரப்பு மேற்கிலுமாக அமைந்திருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், பறவை முழு வெளிச்சத்தில். சாயங்காலம் அதே கரையில் நின்றால் கண் கூசும், எல்லாம் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். விடியும்போது கரையில் இருந்தால் எட்டரை, ஒன்பது மணிக்குள் நிறைவாகப் பார்த்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். பிள்ளைகளும் சோர்ந்துபோக மாட்டார்கள்.

கரையில் ஒருவர் உங்களை நிறுத்தி விசாரிப்பார். கண்மாய் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், அதற்கான காவல் அவர். 'பறவை பார்க்க வந்தோம்ணே' என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அதோடு சரி, சில சமயம் எந்த மூலையில் கூட்டம் அதிகம் என்று அவரே கையை நீட்டிக் காட்டுவார். அப்புறம், முக்கியமான ஒன்று: தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். வண்டல் மண் அள்ளிய பள்ளங்கள் மேலே நின்று பார்த்தால் தெரியாது, பிள்ளைகளோடு போகும்போது கரைதான் எல்லை. மேலூர், சிங்கம்புணரிப் பக்கம் தண்ணீர் வற்றுகிற காலத்தில் ஊரே சேர்ந்து மீன்பிடித் திருவிழா நடத்தும். அன்றைக்குப் பறவை பார்க்க முடியாது, ஆனால் அந்தத் திருவிழாவைப் பார்க்கவே ஒரு நாள் போகலாம்.

கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால், நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் வேட்டங்குடி. மேலூர் தாண்டித் திருப்பத்தூர் போகும் சாலையில், மதுரையில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர். சிவகங்கை மாவட்டம். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் சரணாலயம். 1977-ல் அறிவிக்கப்பட்டது. கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில் நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கொக்குகளும் கூடு கட்டும். கூட்டில் இருக்கிற பறவை மிரளக்கூடாது என்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக இதைக் கடைப்பிடிக்கிறார்கள். தீபாவளியன்று பிள்ளைகளைச் சும்மா உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த ஊருக்குள் போகும்போது சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், ஹாரனும் அடிக்காதீர்கள். மழை பொய்த்த வருடத்தில் அங்கே பறவைகள் வராமலே போகலாம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அரிட்டாபட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனது வராது. மேலூர் நான்குவழிச் சாலையில் போய் நரசிங்கம்பட்டியில் இருந்து உள்ளே திரும்ப வேண்டும், நகரத்தில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு இதை அறிவித்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேர். ஏழு குன்றுகளின் தொடர், அதற்குக் கீழே கண்மாய்களும் சுனைகளும். பாறைக் குன்று மழைத் தண்ணீரை வழியவிட, அது சுனையிலும் கண்மாயிலும் சேர, அதை நம்பி வயலும் மரமும் புறாவும் கௌதாரியும் இருக்க, அவற்றைப் பிடித்துத் தின்ன வல்லூறு வருகிறது. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு மூன்றும் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஒரு நடுத்தர ஊரின் குன்றுகளில் இந்த மூன்றும் இருப்பது சாதாரண விஷயமில்லை.

இங்கே மட்டும் விடியற்காலை அவசரம் தேவையில்லை. வெயில் ஏறிப் பாறை சூடாகி, சூடான காற்று மேலே எழும்போதுதான் பெரிய கழுகுகள் சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறும். ஒன்பது மணிக்கு மேல் தொப்பி போட்டுக்கொண்டு, குன்றின் உச்சி விளிம்பு முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு மர நிழலில் உட்கார்ந்து வானத்தைப் பாருங்கள். அதுவரைக்கும் குடைவரைச் சிவன் கோயில், சமணப் படுக்கை, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு, மகாவீரர் சிற்பம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. கூடு இருக்கிற பாறை முகப்பை நெருங்க வேண்டாம். டிரோன் பறக்கவிடவே வேண்டாம், கூட்டில் இருக்கிற கழுகுக்கு அது இன்னொரு வேட்டைப் பறவைதான். இந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டதும், ஊர் மக்கள் திரண்டு எதிர்த்ததும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மக்கள் காப்பாற்றி வைத்திருக்கிற இடத்துக்குத்தான் போகிறோம். அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்து நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள், ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது எந்தக் கைபேசிச் செயலியிலும் கிடைக்காது.

அழகர்கோயில் எல்லாருக்கும் தெரிந்த இடம். பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் ஏறுகிற சாலையில், கூட்டம் வருவதற்கு முன் மெதுவாக நடந்தாலே அரசவால் ஈபிடிப்பானைப் பார்க்க வாய்ப்பு உண்டு. குளிர்காலத்தில் வடக்கே இருந்து வருகிற ஆறுமணிக்குருவி தரையில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் கத்துவதால் அந்தப் பெயர். சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள், அது காப்புக்காடு. குரங்குகளுக்குத் தீனி போடுவதையும் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள், தீனிப் பையைப் பார்த்தால் பிடுங்குகிற அளவுக்கு அவை கெட்டுப்போனது நாம் கொடுத்துப் பழக்கியதால்தான்.

முழு நாள் கிடைத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலை அணிலுக்காகவே ஏற்பட்ட சரணாலயம் அது, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகிவிட்டது. அதனால் எதுவரை அனுமதி என்பதை வனத்துறையிடம் கேட்டுக்கொண்டே போக வேண்டும், கோடையில் காட்டுத்தீ அபாயம் இருக்கும்போது மூடிவிடுவார்கள். அணில் காலையிலும் பிற்பகலிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும், உச்சி வெயிலில் கிளையில் படுத்துவிடும். தேவாங்கு பார்க்க ஆசைப்பட்டு அய்யலூர், கடவூர்ப் பக்கம் இரவில் டார்ச்சோடு கிளம்புவதை மட்டும் செய்யாதீர்கள். 2022-ல் தேவாங்குக்கென்றே அங்கே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்தால் அந்தப் பெரிய கண்களுக்கு அது பெரும் வதை.

செலவு என்று பார்த்தால் ஒரு பைனாகுலர் மட்டும். 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். பிள்ளைகள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிற எடையா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பெரிய கேமரா இப்போதைக்கு வேண்டாம், படம் எடுக்கிற வேகத்தில் பறவை என்ன செய்கிறது என்பதைப் பார்க்கத் தவறிவிடுவோம். பறவை பார்க்கிறவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிவு செய்கிற இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஒவ்வொரு இடத்திலும் எந்தெந்த வாரத்தில் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம், சனிக்கிழமை இரவு அதை ஒருமுறை புரட்டுவது நல்லது. மெர்லின் செயலி அடையாளம் காண உதவும். ஆனால் அதில் இருக்கிற குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து அது தீனியை விட்டுவிட்டுப் பதறி அலையும்.

ஜனவரியில் கேட்டிருந்தால் இன்னும் ஒன்று சொல்லியிருப்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். 2015 முதல் ஒவ்வொரு வருடமும் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஏதாவது ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இபேர்டில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். மொட்டை மாடியில் நின்றுகூடச் செய்யலாம். அதற்குள் மூன்று நான்கு முறை உங்கள் கண்மாய்க்குப் போய் வந்திருந்தால், பட்டியலைப் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். இந்த ஞாயிறு முதல்முறை போகிறீர்கள் என்றால் ஒரு நோட்டு, ஒரு பென்சில், குடிக்கத் தண்ணீர், பிள்ளைகளுக்குக் கொறிக்க ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்த பிறகு பெயர் தெரியாத பறவை இருந்தால் அதன் அலகு, கால், நடை எப்படி இருந்தது என்று எழுதி இங்கேயே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.