திறந்தவெளிச் சுரங்கத்தில் ராட்சத டம்பர்கள் ஓடும் பாதையை வடிவமைக்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலும் சரிவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். மேற்பரப்பும் வடிகாலும்தான் முதலில் என்பேன் நான்.

ஏற்றப் பாதையின் சரிவு வழக்கமாக 8 முதல் 10 சதவீதம். அதை ஒருமுறை முடிவு செய்து வெட்டிவிட்டால் அப்படியே நிற்கும். தினமும் மாறுவது உருளல் தடை, அதாவது டயர் தரையில் அமுங்கி உருள்வதால் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை. நன்றாக இறுகிய பாதையில் இது வண்டி எடையில் சுமார் 2 சதவீதம். மழைநீர் தேங்கி டயர் புதையத் தொடங்கினால் 5 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும். இதில் கூடும் ஒவ்வொரு சதவீதமும் ஏற்றம் ஒரு சதவீதம் கூடியதற்குச் சமம். 10 சதவீத ஏற்றத்தில் மொத்த எதிர்ப்பு 12-லிருந்து 15 ஆகிவிடும். எஞ்சினின் சக்தி அதேதான் என்பதால் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். சமதளத்திலோ இழுக்க வேண்டிய விசை இரண்டரை மடங்காகும். சரிவைக் கணக்குப் போட்டு மிச்சப்படுத்திய டீசல் எல்லாம் இங்கே போய்விடும்.

அடித்தளத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்டர்பில்லர் 797எஃப் என்ற ராட்சத டம்பர் முழுச் சுமையோடு 620 டன்னுக்கு மேல். ஆறு டயர்கள், ஒவ்வொன்றின் மீதும் நூறு டன்னுக்கும் அதிகம். அந்த அழுத்தம் ஆழம் வரை இறங்கும், எனவே மேலே ஜல்லி பரப்பினால் மட்டும் போதாது. வெடித்தெடுத்த கழிவுப் பாறையில் கடினமானதைப் பொறுக்கி, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். சுரங்கத்திலேயே கிடைக்கும் பொருள்தானே, இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அகலம்: இருவழிப் பாதைக்குப் பெரிய வண்டியின் அகலத்தைப் போல 3 முதல் 3.5 மடங்கு. 797எஃப்-க்கு 3.5 மடங்கு என்றால் 33 மீட்டருக்கு மேல் போகும், கால்வாயும், வண்டி விளிம்பைத் தாண்டாமல் தடுக்கும் ஓர மண்மேடும் தனி. பாதை அகலமானால் குழியின் சுவரையே பின்னுக்குத் தள்ளி அத்தனை கழிவையும் அள்ள வேண்டும் என்பதால் குறைக்கச் சொல்லி நெருக்குவார்கள். குழியைப் படிப்படியாக வெட்டி இறங்குவதில், அடிமட்டத்தின் கடைசிச் சில படிகளில் ஒருவழியாக்கலாம், வண்டிகள் அங்கே குறைவு. மற்ற இடங்களில் நான் சம்மதிக்க மாட்டேன். மண்மேடு குறைந்தது டயரின் பாதி உயரமாவது வேண்டும். 4 மீட்டர் டயருக்கு 2 மீட்டர்.

குறுக்குச் சரிவு, அதாவது பாதையின் அகலவாக்கில் உள்ள சரிவு, 2 முதல் 3 சதவீதம் போதும், தண்ணீர் ஓரக் கால்வாய்க்கு ஓடிவிடும். அப்புறம், பாதையைச் சுரண்டிச் சமன்படுத்தும் கிரேடரையும் தண்ணீர் லாரியையும் பாதைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஏற்றத்தில் தூசுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது முழுவதும் நனைத்தால் டயர் வழுக்கும். இடைவெளி விட்டு, பட்டை பட்டையாகத் தெளிக்கச் சொல்லுங்கள்.