36 வோல்ட் சைக்கிளுக்கு 48 வோல்ட் பேட்டரி வேண்டாம்

வணக்கம். உங்கள் மின்சார சைக்கிளில் இருப்பது 36 வோல்ட், 250 வாட் மோட்டார், பேட்டரி செத்துவிட்டது, தினமும் 24 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். 48 வோல்ட் போட்டால் வேகம் கூடுமா என்று கேட்கிறீர்கள்.

கூடும். ஆனாலும் போடாதீர்கள். 48 வோல்ட் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட்டைத் தொடும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலரைத் திறந்து, உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 50 வோல்ட் என்றிருந்தால் தாங்காது.

36 வோல்ட்டில் 13 ஆம்பியர்-மணி உங்களுக்குப் போதும். அது 468 வாட்-மணி. பெடலும் மிதித்தால் கிலோமீட்டருக்குப் 10 முதல் 15 வாட்-மணி செலவாகும். 24 கிலோமீட்டருக்கு 360 போனாலும் கையிருப்பு இருக்கும். பேட்டரிக்கு வயதாகும்போது அந்தக் கையிருப்புதான் காப்பாற்றும்.

மலிவாகக் கிடைக்கிற 36 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரியின் எடை 2 கிலோதான் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. 2500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட 18650 வகைச் சிறிய உருளைச் செல்களில் அதைக் கட்ட 80 செல்கள் வேண்டும். செல் ஒன்று சுமார் 45 கிராம். செல்கள் மட்டுமே 3.6 கிலோ ஆகிவிடும். எவ்வளவு உயர்ந்த செல்லைப் போட்டாலும் 2 கிலோவுக்குள் அடங்காது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

பிஎம்எஸ், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட், தொடர்ந்து தரும் ஆம்பியர், கன்ட்ரோலரின் உச்ச ஆம்பியரைவிடக் கூடுதலாக இருக்கட்டும். 15 என்றால் 20 கேளுங்கள். சார்ஜர் 42 வோல்ட். பேட்டரியை வாசலை மறித்து வைத்து, இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். கன்ட்ரோலர் மேலுள்ள எண்களைப் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.