பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘சந்தேகம்’ என்று வந்தால்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு வயது 46. இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி. ஸ்கேன் பார்த்துவிட்டு ஊசி பயாப்ஸி எடுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில், சுரப்பிகள் சந்தேகப்படும்படி இருக்கின்றன, ஐ.எச்.சி. (செல்லில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சிறப்புச் சாயச் சோதனை) செய்து உறுதிப்படுத்தவும் என்று மட்டும் இருக்கிறதாம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் கேன்சரா இல்லையா என்று சொல்லத் தெரியாதா, வேறு டாக்டரிடம் காட்டலாமா, எதை எடுத்துக்கொண்டு போவது, அதற்குள் பரவிவிடாதா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் காதில் ஏறாது. இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆவதால் நிலைமை மாறிவிடாது. மார்பகக் கட்டி ராத்திரியோடு ராத்திரியாக முளைப்பதில்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் கூடாது. அதே அளவுக்குத் தப்பான இன்னொன்றும் உண்டு: உறுதியாகாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ‘எதற்கும் மார்பையே எடுத்துவிடலாம்’ என்று ஆபரேஷனுக்கு அவசரப்படுவது.

சரி, ஒன்பது நாள் என்னதான் செய்தார்கள்? ஊசியில் வரும் சதை சேமியாத் துண்டு மாதிரி இருக்கும். எடுத்த கையோடு, சதை கெட்டுப்போகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். மார்பகச் சதை என்றால் குறைந்தது ஆறு மணி நேரமாவது அதில் ஊற வேண்டும், 72 மணியைத் தாண்டக் கூடாது. பிறகு ஆல்கஹாலில் தண்ணீரை எடுத்து, சைலீனில் போட்டு, உருக்கிய மெழுகில் ஊறவைத்து, சின்ன மெழுகுக் கட்டியாக வார்ப்பார்கள். இதைத்தான் பிளாக் என்கிறோம். அதை மைக்ரோடோம் கத்தியில் மூன்று நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவுவார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் அது பாலாடை போல மிதக்கும்போது, டெக்னீஷியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ஏந்துவார். அதற்குப் பிறகுதான் சாயம். ஒரு மரக்கட்டையிலிருந்து எடுக்கிற ஹீமடாக்ஸிலின் செல்லின் உட்கருவை நீலமாக்கும், இயோசின் மற்றதை ரோஸ் ஆக்கும். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும், சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் எங்கள் பேத்தாலஜி வேலையின் பெரும்பகுதி இந்த இரண்டு நிறத்தில்தான் நடக்கிறது.

இதெல்லாம் இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை. மிச்ச நாட்கள் பெரும்பாலும் யோசனைக்குப் போயிருக்கும். பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்த்திருப்பார்கள், பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்கள். லேட்டாக வரும் ரிப்போர்ட்டை சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்குள் அதிகம் பேசப்படுவது அந்த ஸ்லைடுதான்.

இப்போது ‘தெரியாதா’ என்ற கேள்விக்கு வருகிறேன். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழத்தைத் தட்டியே பழுத்ததா என்று சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கில் தட்டிய விரல் அது. எங்கள் படிப்பும் ஏறக்குறைய அப்படித்தான். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அப்புறம் எம்.டி. பேத்தாலஜி மூன்று வருடம். ஆரம்பத்தில் பாதி நாள் ஃபார்மலின் நெடியில் நின்றுகொண்டு, ஆபரேஷனில் எடுத்த உறுப்பை அளந்து, ஓரங்களுக்கு மை தடவி, எந்த இடத்தை வெட்டி பிளாக் போடுவது என்று கற்றுக்கொள்வதிலேயே போகும். தப்பான இடத்தை வெட்டினால் எவ்வளவு நல்ல மைக்ராஸ்கோப்பும் உதவாது. மீதி நேரம், நாலைந்து பேர் ஒரே ஸ்லைடைப் பார்க்கும்படி குழாய் குழாயாகப் பிரிந்த மைக்ராஸ்கோப்பில் ஆசிரியரோடு உட்கார்ந்து பார்ப்பது. நான் படித்தபோது, எடுத்த எடுப்பில் 40 மடங்கு பெரிதாக்கும் லென்ஸைத் திருப்பினால் திட்டு விழும். முதலில் 4, அடுத்து 10. ஊரின் தெரு அமைப்பைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் போக வேண்டும் என்பது கணக்கு. ஒரு செல் எவ்வளவு கோரமாக இருந்தாலும், அது எங்கே, யார் நடுவில் நிற்கிறது என்று தெரியாமல் பெயர் சொல்லக் கூடாது.

பார்ப்பது என்ன? உட்கரு பெரிதாகி, கருத்து, ஒன்றுக்கொன்று அளவில் ஒத்துப்போகாமல் இருக்கிறதா, செல்கள் கணக்கில்லாமல் பிரிகின்றனவா, வேலி தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் புகுந்திருக்கின்றனவா. பெரும்பாலான கேஸில் இது ஐந்து நிமிட வேலை. பலாவைத் தட்டுகிறவரும் சில பழத்தை இரண்டு தடவை தட்டுவார் அல்லவா, அந்த வகைதான் உங்கள் அக்காவுடையது.

மார்பகத்தின் இயல்பான சுரப்பிக்கு இரண்டு வரிசை செல்கள் உண்டு. உள்ளே ஒரு வரிசை, அதைச் சுற்றி வெளியே மயோஎபிதீலியல் செல் என்று ஒரு வரிசை. பரவும் புற்றுநோயில் வெளி வரிசை இருக்காது. ஓரிரு விதிவிலக்கு தவிர இது நம்பகமான விதி. சிக்கல் எங்கே என்றால், ஸ்க்லெரோசிங் அடினோசிஸ் என்று ஒரு சாதுவான மாற்றம் இருக்கிறது. அதில் நார்த்திசு சுற்றிலும் நெருக்கி, சுரப்பிகளைப் பிதுக்கி, புற்றுநோய் மாதிரியே காட்டும். வெளி வரிசை நசுங்கிப்போய் சாதாரணச் சாயத்தில் கண்ணுக்கே தெரியாது. மறுபக்கம், ட்யூபுலர் கார்சினோமா என்ற புற்றுநோய் நல்ல பிள்ளை போல ஒழுங்கான சுரப்பிகளாக உட்கார்ந்திருக்கும். முழுக் கட்டி கையில் இருந்தால் ஓரத்தின் வடிவம் காட்டிக்கொடுக்கும். சேமியாத் துண்டில் ஓரம் ஏது?

ஐ.எச்.சி. உதவுவது இங்கேதான். பி63 போன்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடியை அதே பிளாக்கிலிருந்து சீவிய புது ஸ்லைடில் விட்டால், வெளி வரிசை செல்களின் உட்கரு பழுப்பு நிறத்தில் தெரியும். சுரப்பியைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. இல்லையென்றால் அநேகமாகப் புற்றுநோய், அப்போது எந்த மருந்து பலிக்கும் என்று முடிவு செய்ய உதவும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 சோதனைகளும் அதே பிளாக்கில் வேண்டியிருக்கும். ஆக, அந்த டாக்டர் தெரியாமல் எழுதவில்லை. ஊகத்தில் எழுதாமல் நிறுத்தியிருக்கிறார். என்னைக் கேட்டால், நான் அதிகம் நம்புவது அப்படிப்பட்டவரைத்தான்.

இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அலையாதீர்கள். காகிதத்தைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. லேபில் கேட்க வேண்டியவை பிளாக், சாயமிட்ட ஸ்லைடுகள், ரிப்போர்ட் நகல். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். கூடவே ஸ்கேன், மேமோகிராம் ரிப்போர்ட். புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் போன்ற பெரிய அரசு மருத்துவமனை என்றால், நேரே பேத்தாலஜி அறைக்குப் போய் நிற்பதைவிட, ஓ.பி.யில் பதிந்து, பார்க்கும் டாக்டர் வழியாக அனுப்பச் சொல்வதுதான் நடக்கிற வழி.

ஒரே நேரத்தில் மூன்று லேபில் பிளாக்கைக் கொடுத்து ஒரே சோதனையைச் செய்யச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சீவலுக்கும் சதை குறைகிறது. ஊசி பயாப்ஸியில் இருப்பதே கொஞ்சம், தீர்ந்துவிட்டால் அக்காவுக்கு மறுபடி ஊசிதான்.

இன்னொன்று, இதை டாக்டர்களே மறந்துவிடுகிறார்கள். பயாப்ஸியோடு போகும் படிவம் காலியாகப் போகக் கூடாது. ஒருமுறை எனக்கு வந்த ஊசி சாம்பிளில் உட்கரு எல்லாம் பெரிதாக, உள்ளே நியூக்ளியோலஸ் என்கிற சிறு உருண்டை துருத்திக்கொண்டு, பார்க்கவே பயமாக இருந்தது. படிவத்தில் ‘மார்பகக் கட்டி’ என்ற இரண்டு சொல்தான். சந்தேகப்பட்டு வார்டுக்குப் போன் போட்டால், அந்தப் பெண் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பால் சுரக்கும் காலத்தில் செல்கள் அப்படித்தான் இருக்கும். அன்றைக்குப் போன் போடாமல் இருந்திருந்தால் என்று இன்றும் சில ராத்திரி நினைத்துக்கொள்வதுண்டு. அதனால் அக்காவுக்கு முன்பு கட்டி எடுத்தது, ஹார்மோன் மாத்திரை, குடும்பத்தில் யாருக்காவது இருந்தது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஐ.எச்.சி.யில் ‘புற்றுநோய் இல்லை’ என்று வந்து, ஸ்கேன் மட்டும் பலமாகச் சந்தேகப்பட்டால், அதோடு விட்டுவிடாமல் மறுபடி பயாப்ஸி வேண்டுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். டாக்டர் தொட்டுப் பார்த்த கை, ஸ்கேன், ஸ்லைடு மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

பிளாக் வாங்கும்போது அதன் மேல் இருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். ஸ்லைடுகளைச் சட்டைப் பையில் போடாமல் அதற்கான டப்பாவிலேயே கேட்டு வாங்குங்கள். பிளாக் மெழுகு என்பதை மறக்க வேண்டாம், வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினால் மடியிலேயே இருக்கட்டும்.